இரண்டாவது ஷிப்டு வேண்டாம், கண்ணு

கண்ணு,

அடுப்பில் பருப்பு வேகிறது. அது வேகிறவரைக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதுவதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது என்பது உனக்கே தெரியும். உன் பள்ளிக்கூடத்து லீவு லெட்டரைக்கூட நின்றபடியே கிறுக்கிக் கொடுத்தவள் நான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணி மடிக்க எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறேன். நேற்று கீரை ஆயும்போது தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டேன். நேரில் சொல்லலாம் என்றால் நாளைக்கு நீ மீனா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாய். மறுநாள் திங்கட்கிழமை, ஃபோர்மேனிடம் கையெழுத்துப் போட்டுவிடுவாய். தவிர, நேரில் சொன்னால் நீ கேட்கவும் மாட்டாய். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாய். அது உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த பழக்கம்.

அன்றைக்கு மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் எப்டின்னு எல்லாம் யோசிச்சுட்டேன். மீனாவுக்கு காலைல போயி சாயங்காலம் வர்ற வேல. எனக்கும் அதே டைம்ல ஜெனரல் ஷிப்டு ஒண்ணு காலியா கீதுன்னு ஃபோர்மேன் சொன்னாரு. நான்தான் வேணான்ட்டேன். செகண்ட் ஷிப்டுலயே பெர்மனென்டா போட்ருங்கன்னு சொல்லிட்டேன். அப்டின்னா எப்பவும் ஊட்ல ஒரு ஆளு இருக்கும் பாரு. காலைல தண்ணி புடிக்கிறது, ரேஷன், சமையல் எல்லாம் என் டூட்டி. சாயங்காலம் அவ டூட்டி. நீயும் அப்பாவும் ஓட்டலியா, அதே மாதிரிதான்." உன் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "நம்ம சிஸ்டம்டா அது, ஃபெயிலே ஆவாது," என்று உன் முதுகில் தட்டினார். நான் உள்ளே போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குக்கரை எடுத்து மறுபடியும் தேய்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அந்த இரண்டாவது ஷிப்டை வாங்காதே. ஃபோர்மேனிடம் போய், ஜெனரல் ஷிப்டே கொடுங்கள் என்று கேள். ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதிக் காகிதம் எல்லாம்.

எங்கள் கதையை நீ பார்த்தவன்தான். ஆனால் இடுப்பிலும் சைக்கிள் கம்பியிலும் உட்கார்ந்து பார்த்தவன். ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தோம். அங்கே இருந்த எல்லாருமே அப்படி எங்கிருந்தோ வந்தவர்கள்தான். எனக்குத் தையல் பிரிவில் காலை ஷிப்டு, அப்பாவுக்கு மெஷின் ஷாப்பில் இரண்டாவது ஷிப்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிடுவேன். உன்னைக் குளிப்பாட்டுவது, சோறு வடிப்பது எல்லாம் அவர். மத்தியானம் ஷிப்டு மாறும் நேரத்தில், சைக்கிள் முன்கம்பியில் மாட்டிய குட்டி சீட்டில் உன்னை உட்காரவைத்துத் தொழிற்சாலை கேட்டுக்குக் கொண்டுவருவார். நான் தலையெல்லாம் காக்கி நூல் பிசிறோடு வெளியே வருவேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீ அவர் கையிலிருந்து என் இடுப்புக்கு மாறுவாய். மாற்றிக்கொண்டே, "பால் காய்ச்சிட்டேன். அரிசி ஊறுது, ஆட்டிடு. கெரசின் இன்னிக்கு இல்லன்ட்டான். இவனுக்கு மூக்கு ஒழுவுது, குளுந்த தண்ணி குடுக்காத," என்பார். நான், "உங்க சட்டைக்கு பட்டன் தெச்சு ஆணியில மாட்டிக்கீறேன். ராத்திரி வந்தா கதவ மெதுவா தெறங்க, இவன் முழிச்சிக்கிறான்," என்பேன். அதற்குள் சங்கு ஊதிவிடும், அவர் உள்ளே ஓடுவார். கேட்டில் காவலுக்கு நின்ற கோவிந்தன், முத்தாபுதுப்பேட்டைக்காரர், தினமும் என்னைக் கேலி செய்வார்: "இன்னாமா, சார்ஜ் எட்த்துக்கினியா? பையன் கை கால் எல்லாம் சரியா கீதா, செக் பண்ணிக்கோ. அப்பால கம்ப்ளைன்ட் சொல்லக்கூடாது." நான் சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. குழாயடியில் பெண்கள், "எப்டிக்கா நீ மட்டும் சமாளிக்கிற?" என்று கேட்பார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். வேலையைச் சரிபாதியாகப் பிரிக்கணும், ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுக்கணும், ஒரு நிமிஷம்கூடச் சும்மா போகக்கூடாது. எங்கள் வீட்டில் எச்சில் தட்டு கிடந்தது கிடையாது, அழுக்குத் துணி குவிந்தது கிடையாது. குழம்பைக்கூட அவர் கொதிக்கவைத்துவிட்டுப் போவார், நான் வந்து இறக்குவேன். ஒருநாள் உப்பு போட்டாகிவிட்டது என்று கேட்டில் சொல்ல மறந்துவிட்டார். நானும் போட்டேன். நீ ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாய். அவர் ராத்திரி வந்து அதையே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் கேட்டில் வந்துதான், "நேத்து கொழம்புல..." என்று ஆரம்பித்தார். சங்கு ஊதிவிட்டது. அதற்கு மேல் சண்டை போட நேரம் இல்லை. அந்த லைனிலேயே சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் என்று பேர் வாங்கினோம். சண்டை போட இரண்டு பேரும் ஓரிடத்தில் இருக்க வேண்டாமா?

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழா நடந்தது. உனக்குப் போலீஸ்காரர் வேஷம். அப்பாவின் பழைய சட்டையை வெட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உனக்கு யூனிஃபாரம் தைத்தேன். விழா காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரைக்கும். அதையும் நாங்கள் பிரித்துக்கொண்டோம்: முதல் பாதி அவர் பார்ப்பது, நான் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து இரண்டாவது பாதியைப் பார்ப்பது. நான் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தபோது அவர் சைக்கிளோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். "இன்னும் இவன் வரல. குழாயில தண்ணி வரல, லாரி வந்தா புடிச்சிடு. புளி கரைச்சு வச்சிக்கீறேன்," என்றார். நான் ரேஷன் கடையில் சர்க்கரை போடுவதைப் பற்றிச் சொன்னேன். உள்ளே கைதட்டல் கேட்டது. நாங்கள் பேசி முடித்து, அவர் கிளம்பி, நான் பந்தலுக்குள் நுழைந்தபோது உன் நாடகம் முடிந்துவிட்டது. நீ மீசையோடு ஓடிவந்தாய். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா! மேடைலேர்ந்து பாத்தேன். நீயும் அப்பாவும் கேட்டாண்ட ஒண்ணா நின்னுகினு இருந்தீங்க!" என்று குதித்தாய். நாடகத்தை நாங்கள் பார்த்தோமா என்று நீ கேட்கவே இல்லை. அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தண்ணீர் லாரி வந்துவிடுமே என்ற பதைப்பில் உன்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

பருப்பை இறக்கிவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? ஆம், ஆண்டு விழா. அதற்கப்புறம் நாங்கள் சேர்ந்திருந்த சில மாதங்களும் உண்டு. நீ நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது, தொழிற்சாலையில் வேலை குறைந்து இரண்டாவது ஷிப்டையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பாவும் என்னோடு காலை ஷிப்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து வந்து, வீட்டில் தீபாவளி மாதிரி இருக்கப்போகிறது என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே நாறிப்போயிற்று. பருப்பு டப்பாவை நான் கீழ்த்தட்டில் வைப்பேன், அவர் எடுத்து மேல்தட்டில் வைப்பார். விசாரித்தால், அந்த டப்பா பல வருஷமாகவே காலையில் மேலேயும் சாயங்காலம் கீழேயும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவரவர் நேரத்தில் அவரவர் வசதிக்கு நகர்த்திக்கொண்டோம், யாருக்கும் தெரியவில்லை. "இது என் கிச்சன்," என்று நான் கத்தினால், "காலைல என்னுதுதான் ஏம்மே," என்று அவர் கத்துவார். பீன்ஸை நீளமாக நறுக்குகிறார் என்று நான் கத்தியைப் பிடுங்கினேன். துண்டு காயப்போடும் கொடிக்குச் சண்டை, ரேடியோவுக்குச் சண்டை. நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாய். இரண்டாவது ஷிப்டு மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும், "கேட்டு வாங்கிடுங்க," என்று நான்தான் சொன்னேன். அவர் அதற்கு முன்பே பேர் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துச் சண்டை போட்டிருந்தால், அவருக்கு நானும் எனக்கு அவரும் பழகியிருப்போம். நாங்கள் கேட்டுக்கே திரும்பி ஓடிவிட்டோம்.

இப்போது எங்களைப் பார். கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான் முன்கூட்டியே வேலையை விட்டு வந்தேன். போன வருஷம் அவரும் ரிட்டையர் ஆனார். இந்தக் கோவில்பதாகை வீட்டில் நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். நான் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து விடுகிறார். "நீ கீறியா? அப்ப நான் போயி கரண்ட் பில் கட்டிட்டு வரேன்," என்கிறார். அவர் சமையல்கட்டுக்குள் வந்தால் என் கை தானாக முந்தானையில் துடைத்துக்கொள்கிறது, கால் வாசலைப் பார்க்கிறது. சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தால் பேச ஒன்றும் வருவதில்லை. பால் வந்ததா, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான் வருகிறது. உன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் கொடுத்தோம். அம்பத்தூர், பாடி பக்கம் அவர். ஆவடி, பூந்தமல்லி பக்கம் நான். அவருடைய அக்கா, உன் பெரிய அத்தை, தாம்பூலத் தட்டோடு நான் மட்டும் படியேறுவதைப் பார்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இன்னாம்மே, ஒண்டியா வந்துக்கீறே? என் தம்பி எங்க?" என்றார். "அவரு ஊட்ல கீறாரு, அண்ணி. பாடி பக்கம் நாளைக்கு அவரு போறாரு. ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சிக்கினா வேல பாதியாயிடும்னு..." என்று இழுத்தேன். "இது வேலையா?" என்றார். ஜோடியாக வந்து வைத்தால்தான் பத்திரிகையைக் கையால் தொடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவமானத்தில் இல்லை. "இது வேலையா?" என்று அவர் கேட்டதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீனா என்னைப் பார்க்க வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்திருந்தாள். உனக்குத் தெரியாது. நீ போட்ட திட்டத்தை அவளும் மெச்சித்தான் பேசினாள். அந்தப் பெண் உன்னைக் குறை சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள். புடவை ஜாக்கெட் அளவெல்லாம் பேசி முடித்துச் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டாள். "அத்தே, அவர் காலையில செஞ்சு வெச்சிட்டுப் போறத நான் சாயங்காலம் வந்து சூடு பண்ணித் தனியா சாப்பிடணும், இல்ல?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவளுடைய பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முன்னால் நடந்தேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்துதான் இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

ஜெனரல் ஷிப்டு போனால் வீட்டு வேலை என்ன ஆகும் என்று கேட்பாய். கிடக்கும். காலையில் தண்ணீர் பிடிக்க முடியாமல் போகும், ஒருநாள் ஹோட்டலில் இட்லி வாங்குவீர்கள், பாத்திரம் ராத்திரி வரைக்கும் ஊறும். ஊறட்டுமே. பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. எல்லாரும் வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொல்வார்கள், நானே குழாயடியில் சொன்னேன். இப்போது சொல்கிறேன்: பிரிக்காதே. இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யுங்கள். அவள் காய் நறுக்கினால் நீ பக்கத்தில் நின்று தேங்காய் துருவு. அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் ஆகும், இடம் இடிக்கும், உப்புக்குச் சண்டை வரும். அந்தச் சண்டையை அங்கேயே போட்டு அங்கேயே முடியுங்கள். நாளைக்குக் குழந்தை வந்தால் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், பஸ் பிடித்தால் வந்துவிடுவோம். ஆள் இல்லையே என்று எங்களைப்போல் நீ பயப்பட வேண்டியதில்லை. நேரத்தை மிச்சம் பிடித்தது எல்லாம் சரிதான், கண்ணு. மிச்சம் பிடித்ததை நாங்கள் எப்போது சேர்ந்து அனுபவித்தோம் என்று யோசித்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. உன் அப்பா நல்ல மனுஷர். எனக்கு ஒரு நாளும் ஒரு குறையும் வைத்ததில்லை. அவரோடு இன்னும் கொஞ்சம் வாழ்ந்திருக்கலாம் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இதுவரைக்கும் எழுதியதை இப்போதுதான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், மறைக்க மனசு வரவில்லை. கேட்டு முடித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நம்ம பொழச்சது பொழப்பே இல்லன்றியா?" என்றார். "பொழச்சோம். நல்லாதான் பொழச்சோம். ஒங்களத்தான் எனக்குத் தெரியாமப் போச்சு," என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு சட்டையை எடுத்து மாட்டினார். "தபால்ல போட்டா திங்கக்கிழமைக்குள்ள போவாது. குடு, நான் பாடிக்கு அவன் ரூமுக்கே போயி கைல குட்த்துட்டு வரேன். நீ ஊட்ட பாத்துக்கோ," என்றார்.

நான் பேனாவை மூடவில்லை. "நானும் வரேன்," என்றேன்.

"ரெண்டு பேரும் போனா ஊட்ல யாரு இருக்கறது?"

"யாரும் இருக்க வேணாம். பூட்டிகினு போலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் கதவைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து தேடினார், ஆணிப் பெட்டியைக் கொட்டித் தேடினார். நானும் தேடினேன். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அங்கிருந்த பூட்டையும் சாவியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு பூட்டு ஒன்று வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தர் வெளியே போனால் ஒருத்தர் உள்ளே இருந்தோம்.

பூட்டு வாங்க உன் அப்பா தெருமுனைக் கடைக்குப் போயிருக்கிறார். நான் புடவை மாற்றிவிட்டு, இந்தக் கடைசி வரிகளை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அவர் வந்ததும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம், இதை இரண்டு பேருமாகவே உன் கையில் கொடுப்போம்.

உன்
அம்மா